மேஜருக்கு என்ன போடுவது

மேஜர் என்பது குதிரையின் பெயர். அது கீழே தள்ளியது ஒரு கேப்டனின் மகளை. "மேஜர்னா கேப்டன் வீட்டுல அதிகாரம் பண்ணாம இருக்குமா?" என்று லாயத்தில் குதிரைக்காரன் முத்துசாமி ஒருவன்தான் சிரித்தான். மற்ற யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பதினாலு வயசுப் பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. புக்கிட் தீமா ரோட்டைக் கடக்கிற இடத்தில், புதிதாகப் போட்ட தார் மேல், மேஜரின் முன்னங்கால் இரண்டும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

இது நடந்தது அறுபத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில். மறுநாள் காலையில் லாயத்தின் சொந்தக்காரி மிஸஸ் ப்ரூக், மருதப்பனைக் கூப்பிட்டார். பதினோரு குதிரைகள் கொண்ட லாயம் அது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் சனி ஞாயிறுகளில் வந்து ஏறிக்கொள்வார்கள். ரோட்டைக் கடந்து, ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து, கல்லுடைக்கும் மலையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு மணி நேரத்தில் திரும்பி வருவார்கள். மருதப்பன் அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தார். குதிரைக்காரர்களுக்குப் பெரியவரும் அவர்தான், லாடம் அடிப்பதும் அவர்தான்.

மேம் மலாயில் பேசினார். "இரும்பு போடணுமா, வேற ஏதாவது போடணுமா, ஒண்ணுமே போடாம விடணுமா, நீயே பார்த்துச் சொல்லு. ஆறு வாரம் தர்றேன். அதுக்குள்ள இது ஒழுங்கா நடந்தா வெச்சுக்கலாம். இல்லேன்னா டாக்டர் லோவைக் கூப்பிட வேண்டியதுதான்."

டாக்டர் லோ மிருக வைத்தியர். அவர் மருந்துப் பெட்டியோடும் வருவார், துப்பாக்கியோடும் வருவார். மேம் சொன்னது துப்பாக்கியோடு வருவதை.

"சரி மேம்," என்றார் மருதப்பன்.

போன மே மாதம் பூவம்மா செத்துப் போனதிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிவந்தார். அதைத் துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. துக்கம் என்றால் மனுஷன் ஒரு வேளைச் சோற்றையாவது ஒதுக்குவான், ஒருநாளாவது வேலைக்கு மட்டம் போடுவான். அவர் நாலாம் நாளே லாயத்துக்கு வந்துவிட்டார். வேளைக்குச் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார். சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பூவம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் முகம் வராது. லாயத்துக் கோட்ரஸ் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோதான் வரும், அதுவும் கண்ணாடிச் சட்டத்தோடு.

ஊர் இதைப் பார்த்து அசந்து போயிருந்தது. "மனுசன் எப்பிடித் தாங்கிட்டாரு பாரு," என்று தேக்கா கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஊர்க் கணக்கில், அழாமல் இருந்தால் தாங்கிக்கொண்டதாக அர்த்தம். வேறு எதையும் கிட்ட வந்து பார்க்கிற பொறுமை அதற்குக் கிடையாது.

பூவம்மாவின் அக்கா சந்திரமதி பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மருதப்பனுக்கு அங்கேதான் சாப்பாடு. அந்த வார வெள்ளிக்கிழமை ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"தம்பி, நான் சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. மே மாசம் வந்தா வருசம் திரும்பிடும். அதுக்கப்புறம் நீங்க இப்பிடி ஒத்தையில கெடக்க வேணாம். சாங்கியில ஒரு பொண்ணு இருக்கு, முத்தாயின்னு. புருசன் தவறி அஞ்சு வருசம் ஆச்சு. அண்ணங்காரன் ஏர்ஃபோர்ஸ் கேம்ப்ல சமையக்கட்டுல இருக்கான். பதவிசான பொண்ணு."

இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போனது அவள் கூடப்பிறந்தவள் ஆயிற்றே. மருதப்பன் ரசத்தைப் பிசைந்தபடி, "சரிக்கா," என்றார்.

"பாத்தியா, எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிறாரு," என்றான் சந்திரமதியின் புருஷன் சுப்பிரமணியம். "நானா இருந்தா இந்நேரம் கள்ளுக்கடையே கதின்னு கெடப்பேன். நம்ம சகலை கல்லுலா, கல்லு."

மருதப்பன் மேஜர் விஷயத்தை முறையாகத்தான் ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரம் இரும்பு. பழைய லாடத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக அடித்தார். தார் ரோட்டில் பிடிமானம் கிடைக்கட்டும் என்று ஆணித்தலையைக் கொஞ்சம் துருத்தினாற்போல விட்டார். தினமும் காலையில் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு ரோட்டைக் கடந்தார். மேஜர் நல்ல உயரம், கரும்பழுப்பு நிறம். ஒரு வருஷத்துக்கு முன்னால் பினாங்குக்குக் குடிபோகிற ஒரு ஆளிடமிருந்து மேம் வாங்கியது. இளவயதில் பந்தயத்தில் ஓடியதாம். சாதுவென்றால் அப்படி ஒரு சாது. லாரி உரசிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்காது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நாலு தடவை கால் இடறியது. ஒருதடவை முட்டி மடங்கி, சிராய்த்துக்கொண்டு எழுந்தது. எழுந்ததும் எதுவுமே நடக்காததுபோல நடந்தது.

அடுத்த இரண்டு வாரம் செருப்பு. கோல்ப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி இழுக்கிற குதிரைகளுக்குப் புல் கெடாமலிருக்கத் தோல் செருப்பு மாட்டுவார்கள். அந்த மாதிரி ஒரு சோடியைக் கடன் வாங்கிப் பார்த்தால் மேஜருக்குச் சின்னதாக இருந்தது. ஆகவே மருதப்பன் சிராங்கூன் ரோட்டில் தோல்சாமான் கடை வைத்திருந்த ஜமால் முகம்மதைக் கூட்டி வந்தார். லாயத்தின் சேணம், வார் எல்லாம் தைப்பவர் அவர்தான்.

ஜமால் முகம்மது காகிதத்தைத் தரையில் விரித்து மேஜரின் காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். "முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன் அண்ணே, இப்பிடி ஒரு கஸ்டமர் வந்ததில்ல. கலர் என்ன கேக்குறாரு, கறுப்பா பிரவுனா?"

"எதுனாலும் சரி பாய்."

"அட, சும்மா தமாசுக்குக் கேட்டேன் அண்ணே," என்று சொல்லி ஜமால் முகம்மது அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

செருப்பு நேர்த்தியாகத்தான் வந்தது. அடியில் இரண்டு அடுக்குத் தோல், அதற்குக் கீழே டயர் ரப்பர், குளம்புக்கு மேலே வார் போட்டு இறுக்கும்படி கொக்கி. தார் ரோட்டில் அது வழுக்கவில்லை. மழைக்குச் சேறான தோட்டத்துப் பாதையில் மட்டும் சேறு உள்ளே ஏறியது. பத்தாம் நாள் மருதப்பன் கொக்கியைக் கழற்றினால் இரண்டு காலிலும் குதிப்பக்கம் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. ஒருநாளில் உரிந்தது இல்லை. நாலைந்து நாளாக உரசி உரசி உள்சதை தெரிகிற அளவுக்கு வந்திருந்தது.

செருப்பைத் திருத்த வந்த ஜமால் முகம்மது புண்ணைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அல்லாவே. அண்ணே, புதுச் செருப்பு ஒரு நெல்லு அளவு கடிச்சா மறுநாளே வந்து கடைவாசல்ல சண்டைக்கு நிப்பான் நம்மாளு. இந்த மகராசன் இவ்வளவு ரத்தத்துக்கும் ஒரு நொண்டுகூட நொண்டலியா?"

"நொண்டல பாய். நல்ல சாதிக் குதிரை, தாங்கும்," என்றார் மருதப்பன்.

தாங்கும் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. இருபத்திரண்டு வருஷம் குளம்பைக் கையில் பிடித்த மனுஷன் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புண்ணைக் கழுவி மஞ்சள் களிம்பைத் தடவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

புண் கொஞ்சம் காய்ந்ததும் கடைசி முறை. ஒன்றும் போடாமல் வெறுங்கால். குளம்பை அரத்தால் ராவி, ஓரத்தை உருட்டி, அப்படியே நடத்தினார். இதற்குத்தான் அவர் பயந்திருக்க வேண்டும். மலையிலிருந்து வரும் லாரிகள் வழியெல்லாம் கருங்கல் சில்லுகளைக் கொட்டிக்கொண்டு போகும். லாடம் போட்டுப் பழகின குதிரையை அதன்மேல் வெறுங்காலோடு விட்டால் முதல் சில்லிலேயே காது பின்னால் மடங்கும், தலை தூக்கும். குதிரைக்காரர்கள் காலைப் பார்ப்பதைவிடக் காதைத்தான் பார்ப்பார்கள். வலி முதலில் தெரிவது அங்கேதான்.

மேஜரின் காது மடங்கவில்லை. கோவில் பிரகாரத்தில் நடப்பதுபோல் சில்லுகள் மேல் நடந்தது. வெறுங்கால் தாரைப் பிடித்ததால் இடறல்கூடக் குறைந்துவிட்டது. ஆறாம் வாரக் கடைசியில் மேம் தன் சிநேகிதிகள் இருவரைக் கூட்டி வந்து காட்டினார். "காதைப் பாருங்கள், அசையவே இல்லை!" என்று இங்கிலீஷில் சொன்னார். மருதப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஜர் பிழைத்தது.

"இரும்புதான் இத்தனை நாளும் கெடுத்திருக்கு," என்றார் மேம் மலாயில். "எல்லாத்துக்கும் கழட்டிடு."

பாக்கிப் பத்துக்கும் லாடம் கழற்ற மருதப்பனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மேஜர் பிழைத்ததில் சந்தோஷமா என்று முத்துசாமி கேட்டான். சந்தோஷம்தான் என்றார். தேடிப் பார்த்தால் உள்ளே அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒரு வாரம் போனது. டெய்சி என்ற வெள்ளைப் பெட்டை, ரப்பர் தோட்டம் முடிந்து சில்லு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுகொண்டது. மேலே உட்கார்ந்திருந்த துரை எவ்வளவு தட்டியும் நகரவில்லை. பென்னி என்ற இன்னொன்று ரோட்டோரப் புல்லைத் தேடித் தேடி நடந்தது. இன்னும் மூன்று, காலையில் கொட்டடியைவிட்டு வெளியே வரவே யோசித்தன. முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

"பழகட்டும்," என்றார் மேம். "மேஜர் பழகலையா?"

முத்துசாமியும் அதையேதான் சொன்னான். "சோம்பேறிங்கண்ணே. ஒரு கல்லு குத்துனா என்னா நடிப்பு நடிக்குதுங்க. மேஜரப் பாருங்க, எவ்வளவு கம்பீரமா போவுது."

அன்றைக்கு மத்தியானம் மருதப்பன் மேஜரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வாடை வந்தது. கெட்ட வாடை. குனிந்து முகர்ந்தார். இடது முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சேற்றைக் கத்தியால் வழித்தார். அடிக்குளம்பின் நடுவில் மெத்தென்ற சதை இருக்குமே, அதன் ஓரத்துப் பள்ளத்தில் ஒரு கருங்கல் சில்லு, கட்டைவிரல் பருமன், முழுசாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. நெம்பி எடுத்ததும் சீழ் பீச்சிக்கொண்டு வந்து அவர் முழங்காலில் வழிந்தது. குளம்பின் முனையும் தேய்ந்து தேய்ந்து, உள்ளே ரத்தம் கட்டிச் சிவப்புத் தெரிந்தது.

சில்லு ஏறி நாலு நாளாவது ஆகியிருக்க வேண்டும். முன்பெல்லாம் அவர் சாயங்காலம் ஒவ்வொரு குதிரைக்கும் நாலு காலையும் தூக்கிப் பார்க்காமல் விளக்கை அணைக்க மாட்டார். இப்போது நொண்டுகிற குதிரைகளின் கால்களைத்தான் பார்த்துவந்தார். நொண்டாத குதிரைக்கு என்ன பார்ப்பது என்று விட்டிருந்தார்.

அவர் லாட ஆணி ஒன்றை எடுத்துக் குதியின் மெத்தையில் லேசாக அழுத்தினார். மேஜர் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. இன்னும் அழுத்தினார். தோல் பள்ளமாகி, ஒரு பொட்டு ரத்தம் வந்தது. மேஜர் மெல்வதை நிறுத்தவில்லை. வலது காலிலும் அப்படியே. எழுந்துபோய் டெய்சியின் காலில் ஆணியை வைக்கத்தான் செய்தார், அழுத்தக்கூட இல்லை. அது காலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவரை முறைத்தது.

திரும்பி வந்து மேஜரின் முன்னங்கால் இரண்டிலும் கணுக்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் தடவினார். மயிருக்கடியில் நூல் கனத்தில் ஒரு தழும்பு. அங்கே மட்டும் மயிர் வெளுத்திருந்தது. நாலு இடத்தில், அளந்து வைத்ததுபோல் ஒரே உயரத்தில். இதை அவர் வருஷம் முழுக்கப் பார்த்தவர்தான். எங்கோ கம்பியில் சிக்கிக்கொண்ட அடையாளம் என்று நினைத்திருந்தார். கம்பி இப்படி ஒழுங்காக வெட்டாது. கால் கெட்டுப்போன பந்தயக் குதிரைக்கு, நொண்டுவது தெரியாமலிருக்க, குளம்புக்குப் போகும் நரம்பை அறுத்துவிடுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அறுத்தபின் குதிரை ராஜாமாதிரி நடக்கும். விற்றுவிடலாம்.

ஆக, மேஜருக்குக் கீழே தரை இருப்பதே தெரியாது. அதனால்தான் தாரில் வழுக்கியது. அதனால்தான் செருப்பு கடித்தும் நொண்டவில்லை. அதனால்தான் சில்லு மேல் சிங்காரமாக நடந்தது. இரும்பா, தோலா, வெறுங்காலா என்று ஆறு வாரமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது, பதில் சொல்லத் தெரியாத காலிடம். அது சொன்னதாக நினைத்துப் பத்துக் குதிரைகளின் கால்களை வேறு பாழாக்கிவிட்டார்.

மருதப்பன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். பதினோரு குதிரைகளில் எதற்கு எந்தக் காலில் வலி என்று காதைப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆள் என்று அவருக்குப் பேர். பூவம்மா எட்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமைத்தாள். கேட்டதற்கு வாயு என்றாள். அவரும் சரியென்று லாயத்துக்குப் போனார். ஒன்பதாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது உள்ளே குடல்வால் வெடித்துப்போய் இருந்தது. இதையெல்லாம் அவர் அடுத்த வீட்டுக்காரன் கதையை நினைப்பதுபோல் வரிசையாக நினைத்தார். நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேஜர் செத்தது. கால் தெரியாத குதிரையை எந்த லாயமும் வைத்துக்கொள்ளாது. ஆறு வாரம் பாடுபட்டுக் காப்பாற்றியதை அவர் வாயாலேயே கொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெய்சியும் பென்னியும் மற்றவையும் சில்லு மேல் அழுதுகொண்டு நடக்கும். மூன்று நாள் தவிட்டை வெந்நீரில் குழைத்து மேஜரின் காலில் வைத்துக் கட்டினார். சுளுக்கு என்று முத்துசாமியிடம் சொன்னார். மற்றக் குதிரைகளின் காலைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நாலாம் நாள் காலையில் மேம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதுக் குடும்பம் வருகிறதாம். ஏழு வயசுப் பெண், முதல் தடவை ஏறுகிறாள்.

"அவளை மேஜர் மேல ஏத்திடு," என்றார் மேம். "இருக்கிறதுல பதட்டமில்லாதது அதுதான்."

மருதப்பன் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். சரி வரவில்லை.

"வேணாம் மேம்," என்றார். "அதுக்குக் காலு தெரியாது."

மேம் புரியாமல் பார்த்தார். அவர் மேஜரைக் கொட்டடிக்கு வெளியே கொண்டுவந்து காலைத் தூக்கி, மேமின் கையிலேயே ஆணியைக் கொடுத்தார்.

டாக்டர் லோ மத்தியானம் வந்தார். பேனா முனையால் குத்திப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், அழுகலைப் பார்த்தார். இதற்கு மேல் குளம்பே கழன்று வந்தாலும் இது நடந்துகொண்டுதான் இருக்கும் என்றார். மேம் அழுதார். உண்மையிலேயே அழுதார், மூக்கெல்லாம் சிவந்துபோயிற்று. மருதப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடிக்கு நடத்திப் போனார். மேஜர் இரண்டு வாய் புல் மேய்ந்தது. டாக்டர் லோ நெற்றியில் இடம் பார்த்துத் துப்பாக்கியை வைத்தார். சத்தம் கேட்டது. கயிறு மருதப்பனின் கையை இழுத்துக்கொண்டு கீழே போனது.

"நல்ல ஆள்," என்று டாக்டர் லோ மேமிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. "கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை பாருங்கள்."

அன்றைக்கும் மறுநாளும் அவர் பத்துக் குதிரைகளுக்கும் திரும்ப லாடம் அடித்தார். தேய்ந்திருந்த குளம்புகளுக்கு உள்ளே ஜமால் முகம்மதிடம் வாங்கின தோலை வெட்டி வைத்து அதன்மேல் அடித்தார். டெய்சி ஒவ்வொரு ஆணிக்கும் உடம்பைச் சிலிர்த்தது. அவர் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, அது தலையை இறக்கும்வரை காத்திருந்து அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்திரமதி வரச் சொல்லியிருந்தாள். பஸ் ஏறி தேக்காவில் இறங்கி, மாடிக்குப் போனால் புது ஆட்கள் இருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பருத்த மனுஷன் சாங்கி கேம்ப்பில் சமைக்கிறவன் என்று சுப்பிரமணியம் சொன்னான். அடுப்படி வாசலில் முழங்கைவரை ஈரத்தோடு ஒருத்தி நின்றாள். அவள்தான் முத்தாயி. வந்த இடத்தில் சும்மா உட்காராமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சகலைய மாதிரி ஒரு ஆளு கெடைக்க மாட்டாங்க," என்று சுப்பிரமணியம் அண்ணன்காரனிடம் ஆரம்பித்தான். "என் கொழுந்தியா போனப்ப நாங்கல்லாம் சுருண்டுட்டோம். இவரு நாலாம் நாளு வேலைக்குப் போயிட்டாரு. ஒரு சொட்டு கண்ணீரு? ம்ஹும். அவ்வளவு கெட்டி."

சந்திரமதி காப்பி கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுத்தாள். "மே மாசம் திதி முடிஞ்சதும் நாள் பாத்துடலாம். என்ன தம்பி?"

"வேணாங்க்கா," என்றார் மருதப்பன்.

கீழே ரோட்டில் மணியடித்துக்கொண்டு ஒரு ரிக்ஷா போயிற்று. அண்ணன்காரன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"என்ன தம்பி இது? அன்னைக்குச் சரின்னீங்களே," என்றாள் சந்திரமதி. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பூவு நெனப்பா இருக்கா? அது எனக்கும்தான் இருக்கு. அதுக்காக..."

"அவ நெனப்பு இல்லக்கா. அவ நெனப்பே வரல." மருதப்பன் மெதுவாகத்தான் பேசினார். "எல்லாரும் தாங்கிட்டேன், தாங்கிட்டேன்னு சொல்றீங்க. நான் ஒண்ணையும் தாங்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல. சாப்புடுறேன், என்னா சாப்புடுறேன்னு தெரியல. லாயத்துல ஒரு குதிரையச் சுட்டாங்க, நாந்தான் கயிறு புடிச்சுக் கொண்டு போனேன். அப்பக்கூடத் தெரியல. என்னைய நம்பி இந்தப் பொண்ண அனுப்பாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயமா இருக்கு என்று சொன்னபிறகுதான் அது நிஜம் என்று அவருக்கே தெரிந்தது. பதினோரு மாதத்தில் முதல்தடவையாக அவருக்கு ஏதோ ஒன்று உறைத்தது.

சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுப்பிரமணியத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணன்காரன் எழுந்து நின்று, கிளம்பலாமா என்பதுபோல் தங்கையைப் பார்த்தான்.

முத்தாயி நகரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். கல்யாணப் பேச்சுக்கு வந்தவள் மாதிரி இல்லை. பஸ் ஸ்டாப்பில் கூட நிற்கிற ஆளிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"எனக்கு ரெண்டு வருசம் அப்பிடித்தான் இருந்துச்சு. எல்லாரும் கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னாங்க. அப்புறம் ஒரு நாளு மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். அப்ப வந்துச்சு. வந்தப்ப நல்லாவே இல்ல. வராமலே இருந்திருக்கலாம்னு இருந்துச்சு."

மருதப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மீனு?" என்று கேட்டார்.

சுப்பிரமணியம் அவரை வினோதமாகப் பார்த்தான்.

"செலார்," என்றாள் முத்தாயி.

மருதப்பன் தலையாட்டினார். செலார் மீனைப் பூவம்மா வாங்கவே மாட்டாள். வால் பக்கம் செதில் கரடுமுரடாக இருக்கும், கையைக் கிழிக்கும். ஒரு தடவை அவர் தெரியாமல் வாங்கிக்கொண்டு போய்விட, கொல்லையில் உட்கார்ந்து அதைச் சுரண்டமாட்டாமல், "உங்க அரத்தக் குடுங்க, இதுக்கும் நீங்களே லாடம் அடிச்சுக்குங்க," என்று மீனைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள். மூக்கில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

இதைச் சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். "எங்க பூவம்மா..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் முடியவில்லை. கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது, சுட்டது, அவர் டம்ளரை வைக்க இடம் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்தாயி வந்து அதை வாங்கி வைத்தாள்.